ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தால் என்ன செய்வது? நீலகிரி, பழனி மலைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

வண்டிக் கடன், பிராட்பேண்ட் இணைப்பு, சோலார் ஹீட்டர் பராமரிப்பு, ரிசார்ட் மெம்பர்ஷிப், பிள்ளைகளுக்கான ஆன்லைன் வகுப்பு என்று எதற்குக் கையெழுத்துப் போட்டாலும், போனில் ‘சம்மதம்’ என்று தட்டினாலும், கடைசிப் பக்கங்களில் ஒரு ஷரத்து ஒளிந்திருக்கும். தகராறு வந்தால் நீதிமன்றம் போகக் கூடாது, கம்பெனி நியமிக்கும் ஆர்பிட்ரேட்டர் (நீதிபதிக்குப் பதிலாகத் தீர்ப்புச் சொல்லும் தனியார் நடுவர்) முன்னால்தான் பேச வேண்டும், விசாரணை சென்னையிலோ மும்பையிலோ நடக்கும் என்று அது சொல்லும். கூடலூரில் இருப்பவரோ பூம்பாறையில் இருப்பவரோ இதைப் படித்தவுடன், எட்டாயிரம் ரூபாய்க்காக மும்பை வரை போவதா என்று புகாரையே விட்டுவிடுகிறார். விட வேண்டியதில்லை. அந்த ஷரத்து இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் நீதிமன்றத்தின், அதாவது நுகர்வோர் ஆணையத்தின், கதவு திறந்தேதான் இருக்கிறது.

இதிலேயே இன்னொரு பக்கமும் உண்டு. ‘அந்த ஷரத்து நம்மைக் கட்டுப்படுத்தாது’ என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு, வீட்டுக்கு வந்த ஆர்பிட்ரேஷன் நோட்டீஸைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். புகாரை விட்டவருக்குப் போனது எட்டாயிரம்தான். இவர்களுக்கு வண்டியே போகலாம். அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் சொல்கிறோம்: நீங்கள் புகார் கொடுப்பது ஒன்று, உங்கள் மேல் நடவடிக்கை வரும்போது எதிர்கொள்வது மற்றொன்று.

சட்டம் சொல்வது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 100, இந்தச் சட்டம் தரும் வழி மற்றச் சட்டங்களில் உள்ள வழிகளோடு கூடுதலாகக் கிடைப்பது, அவற்றுக்குக் குறைவானது அல்ல என்கிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் பிரிவு 3 இதையே சொன்னது. அதை வைத்துத்தான் எமார் எம்ஜிஎஃப் என்ற வீடு கட்டி விற்கும் நிறுவனத்தின் வழக்கில் 2018 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையம் புகாரை விசாரிக்கலாம்; ஆர்பிட்ரேஷனுக்குப் போ என்று நுகர்வோரைத் தள்ள முடியாது. ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 8இல் 2015இல் கொண்டுவந்த திருத்தமும் இதை மாற்றவில்லை.

மலை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு அதற்கும் முந்தையது. 2012இல் தேசிய விதைக் கழக வழக்கில், விதை வாங்கி ஏமாந்த விவசாயிகளும் நுகர்வோரே, ஆர்பிட்ரேஷன் ஷரத்து அவர்களுக்குத் தடையில்லை என்றது உச்ச நீதிமன்றம். கேரட், உருளை, முட்டைக்கோஸ் விதை முளைக்காமல் போனால் இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டு வழிகளில் ஆர்பிட்ரேஷனை நீங்களே முதலில் தேர்ந்தெடுத்துவிட்டால், பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குத் திரும்புவது கடினம். தேர்வு உங்களுடையது, ஒரு முறைதான்.

போன், இணையச் சேவைக்குத் தந்திச் சட்டத்திலேயே ஆர்பிட்ரேஷன் விதி இருக்கிறது என்று கம்பெனிகள் நெடுநாள் வாதாடிவந்தன. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் அந்த வாதமும் முடிந்தது. அதுவும் நுகர்வோர் ஆணையத்துக்குத் தடையில்லை.

நீங்கள் ‘நுகர்வோர்’தானா?

கம்பெனியின் வக்கீல் முதலில் இந்த இடத்தில்தான் கை வைப்பார். வியாபார நோக்கத்துக்காக வாங்கிய பொருளும் சேவையும் சட்டத்துக்கு வெளியே நிற்கும். ஆனால் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியது வியாபார நோக்கம் ஆகாது.

ஒரே ஒரு டூரிஸ்ட் டாக்ஸியைக் கடனில் வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். நான்கு வண்டிகளை டிரைவர் வைத்து ஓட்டுபவருக்கு அந்த வாதம் நிற்காது. தன் ஒரு ஏக்கர் தேயிலைக்காகக் கொழுந்து பறிக்கும் மெஷின் வாங்கியவர் நுகர்வோர். பச்சைத் தேயிலை விற்ற பணத்தைப் பேக்டரி தரவில்லை என்பவர் விற்பவர், வாங்குபவர் அல்ல; அவருக்கு இந்த வழி கிடையாது. தான் குடியிருக்கும் வீட்டில் ஒரு அறையை ஹோம்ஸ்டேயாக விடுகிறவர், அதற்கென்று எடுத்த இணையச் சேவை பற்றிப் புகார் கொடுத்தால் எதிர்த்தரப்பு நிச்சயம் சண்டை போடும். புகாரிலேயே ‘என் குடும்பப் பிழைப்புக்காக, நானே நடத்துகிறேன்’ என்ற வரியை ஆதாரத்தோடு எழுதிவிட வேண்டும். பிறகு சேர்ப்பது சிரமம்.

முதல் வேலை: முழு ஒப்பந்தத்தைக் கையில் வாங்குங்கள்

பாதிப் பேரிடம் ஒப்பந்தமே இருப்பதில்லை. கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள் ஒப்பந்த நகலை இணைப்புகளோடு கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கையும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். புகார் அதிகாரியின் போன் எண்ணும் மின்னஞ்சலும் அதில் இருக்கும். நகல் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டதே பின்னால் சான்றாகும்.

கையில் வந்ததும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஷரத்தின் எண், ஆர்பிட்ரேட்டரை நியமிப்பது யார், விசாரணை எந்த ஊரில், நோட்டீஸ் எந்த முகவரிக்கு வரும் என்பது. செயலியில் சம்மதித்தது என்றால் விதிமுறைப் பக்கத்தை அன்றைய தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். கம்பெனிகள் அதைச் சொல்லாமல் மாற்றும்.

அடுத்தது ரசீதுகள். மெஷினில் அடிக்கும் வழுவழுத் தாள் ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் காகிதமே பூஞ்சை பிடிக்கும். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

எழுத்தில் ஒரு புகார், 15 நாள் கெடு

கஸ்டமர் கேருக்கு எத்தனை முறை போன் செய்திருந்தாலும் அது ஆணையத்தில் பெரிதாக எடுபடாது. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எப்போது வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன குறை, என்ன வேண்டும். 15 நாள் கெடு கொடுங்கள். கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சின்னத் தொகைகள் பல அங்கேயே தீர்ந்துவிடும்.

கடிதத்தில் ‘ஆர்பிட்ரேஷனுக்குத் தயார்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். மிரட்டலாக எழுதினாலும் அது சம்மதமாகப் படிக்கப்படும்.

வங்கி, நிதி நிறுவனம் என்றால் இடையில் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) இருக்கிறார். நிறுவனத்துக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ அங்கே போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் அதே விஷயம் ஆர்பிட்ரேட்டர் முன்னாலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால் அவர் எடுக்கமாட்டார். எனவே தாமதிக்கக் கூடாது.

ஆணையத்தில் மனு

நீலகிரியின் ஆறு தாலுகாவுக்கும் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடைக்கானல் தாலுகாவுக்குத் திண்டுக்கல். பழனி மலையின் தேனி மாவட்டச் சரிவில், அகமலை போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குத் தேனி. 2019 சட்டம் செய்த மிகப் பெரிய நன்மை இதுதான்: பிரிவு 34இன்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கம்பெனிக்கு உங்கள் ஊரில் கிளை இருக்க வேண்டும் என்றில்லை. ‘மும்பை நீதிமன்றத்துக்கே அதிகாரம்’ என்ற வரி இங்கே செல்லாது.

மாவட்ட ஆணையம் 50 லட்சம் ரூபாய் வரை எடுக்கும். இது நீங்கள் கொடுத்த விலை. கேட்கும் நஷ்டஈடு அல்ல. கட்டணமும் அதே கணக்கில்தான்: 5 லட்சம் வரை ஒன்றும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1000. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். கம்பெனியோடு நீங்கள் நடத்தும் கடிதப் போக்குவரத்து இந்தக் கெடுவை நீட்டிக்காது. ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்’ என்றே இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிடும் நிறுவனங்கள் உண்டு.

மனுவோடு தேதிவாரிப் பட்டியல், ஆவணங்களின் வரிசைப் பட்டியல், பிரமாணப் பத்திரம் வேண்டும். நேரில் கொடுத்தால் மூன்று செட், அதோடு எதிர்த்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு செட். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. வீடியோ விசாரணையும் கேட்டுப் பெறலாம். சிக்னல் நிற்காத ஊராக இருந்தால் அன்று மட்டும் தாலுகா தலைநகருக்குப் போய் உட்காருங்கள். பாதி வாதத்தில் இணைப்பு அறுந்தால் நஷ்டம் உங்களுக்கு.

ஷரத்தைப் பற்றி மனுவில் நீங்களே முந்திக்கொண்டு ஒரு பத்தி எழுதுவது நல்லது. இப்படி:

‘எதிர்த்தரப்பினரின் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து உள்ளது. நான் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த ஆர்பிட்ரேட்டர் முன்பும் நான் கோரிக்கை வைக்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 100இன்படியும், எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.12.2018 அன்று அளித்த தீர்ப்பின்படியும் இந்த ஆணையம் இப்புகாரை விசாரிக்க அதிகாரம் பெற்றது.’

அங்கேயே நிறுத்துங்கள். பலர் ஆவேசத்தில் ‘இந்த ஷரத்து நியாயமற்ற ஒப்பந்தம், இதை ரத்து செய்க’ என்றும் கேட்டுவிடுகிறார்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் இருக்கிறது, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மனுவையே திருப்பச் சொல்வார்கள். மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நில்லுங்கள். பணம் திரும்பக் கிடைக்க அவை போதும்.

ஒரே கிராமத்தில் முப்பது வீட்டுக்கும் ஒரே இணையக் கம்பெனி ஒரே குறையைச் செய்திருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்காகவும் ஒருவரே மனு போடலாம். பிரிவு 35 இடம் கொடுக்கிறது. ‘கூட்டாக வழக்குப் போட மாட்டேன்’ என்று சில செயலிகளின் விதிமுறையில் இருக்கும் வரி அமெரிக்க ஒப்பந்தங்களிலிருந்து அப்படியே வந்தது. இங்கே அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள் வரை கிடைக்கும். 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. இந்த 45 நாளைக் காலண்டரில் எண்ணி வையுங்கள். ஆணையம் சமரசப் பேச்சுக்கு அனுப்பலாமா என்று கேட்டால் பயப்பட வேண்டாம். அது ஆர்பிட்ரேஷன் அல்ல. ஒத்துவராவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும்.

ஜெயித்த பிறகு கம்பெனி மேல்முறையீடு போனால், ஆணையிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். கெடு 45 நாள். நீலகிரிக்குச் சென்னை மாநில ஆணையம், திண்டுக்கல், தேனிக்கு மதுரை அமர்வு. பணம் தராமல் இழுத்தால் பிரிவு 72இல் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது.

நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால்

தவணை தவறிய கடன்களில் கம்பெனியே ஆர்பிட்ரேஷனைத் தொடங்கும். எமார் தீர்ப்பைக் காட்டி இதைத் தானாக நிறுத்திவிட முடியாது. அந்தத் தீர்ப்பு உங்கள் புகாருக்கு வழி திறக்கிறதே தவிர, உங்கள் பாக்கியைக் கம்பெனி கேட்பதைத் தடுப்பதில்லை. மலையில் அதிகம் சேதமாவது இந்த இடத்தில்தான்.

ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 3இன்படி, கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் முறையாக அனுப்பினாலே நோட்டீஸ் கிடைத்ததாகக் கருத இடமுண்டு. எஸ்டேட் லைன் வீட்டுக்கு வரும் தபால் ஆபீஸிலேயே தங்கிவிடும். ஒரே ஹட்டியில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். எஸ்டேட்டை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனவருக்குப் பழைய முகவரிக்கே எல்லாம் போகும். அதனால் கடன் இருக்கும் வரை, வீடு மாறினால் உடனே கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தபால்காரரிடம் ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புவது படுமோசமான யோசனை. மறுத்ததும் கிடைத்ததற்குச் சமம்.

கவரைப் பிரியுங்கள், கவர் மேல் இருக்கும் தபால் முத்திரையோடு படமெடுங்கள், வாங்கிய தேதியைப் பென்சிலில் குறியுங்கள். பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் வருவது பெரும்பாலும் பிரிவு 21 நோட்டீஸ்: ‘தகராறு எழுந்துள்ளது, இன்னாரை ஆர்பிட்ரேட்டராக முன்மொழிகிறோம்.’ 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். பதிலில் மூன்று விஷயம் போதும். ‘நீங்கள் கேட்கும் தொகையை ஏற்கவில்லை, கணக்கு விவரம் தருக. நீங்கள் சொல்லும் ஆர்பிட்ரேட்டருக்கு நான் சம்மதிக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்தை நாடும் என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.’

இரண்டாவது விஷயத்துக்குப் பலம் இருக்கிறது. 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில், தகராறின் முடிவில் ஆதாயம் உள்ள தரப்பு ஒற்றை ஆர்பிட்ரேட்டரைத் தன்னிச்சையாக நியமிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். சட்டத்தின் பிரிவு 12(5) தகுதியில்லை என்று சொல்லும் ஒருவரை நீங்கள் ஏற்க வேண்டுமானால், தகராறு எழுந்த பிறகு, எழுத்தில், வெளிப்படையாகச் சம்மதம் தர வேண்டும். இதனால்தான் வாட்ஸாப்பிலும் மின்னஞ்சலிலும் ‘நியமனத்துக்கு ஆட்சேபனை இல்லை’ என்ற படிவம் வந்து நிற்கும். வசூலுக்கு வருபவர் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்பார். போடாதீர்கள். ‘ஓகே’ என்றுகூடப் பதில் அனுப்பாதீர்கள்.

அடுத்த கட்டத்தில் ஆர்பிட்ரேட்டரிடமிருந்தே விசாரணை நோட்டீஸ் வரும். ஆட்சேபனை தெரிவித்தாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. நீங்கள் வராவிட்டாலும் அவர் தீர்ப்பு எழுதலாம். நியமனத்துக்கான எதிர்ப்பையும், அதிகாரமில்லை என்ற பிரிவு 16 எதிர்ப்பையும் எழுத்தில் கொடுங்கள். பிரிவு 16 எதிர்ப்பை உங்கள் எதிர்வாதத்தைத் தாக்கல் செய்வதற்குப் பிந்தாமல் கொடுத்தாக வேண்டும். அதோடு கட்டிய தவணை ரசீதுகளையும் வையுங்கள். எதிர்ப்பு தள்ளுபடியானாலும் கணக்காவது சரியாகப் பதிவாகும். பெரும்பாலான விசாரணைகள் இப்போது வீடியோவில் நடக்கின்றன; வீடியோவில் வர அனுமதி கேட்டு முன்கூட்டியே மின்னஞ்சல் போடுங்கள்.

இடையில் வண்டியை எடுக்க ஆள் வரலாம். நீதிமன்ற ஆணையோடு வக்கீல் கமிஷனர் வந்தால் ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தடுக்க வேண்டாம், அன்றே வக்கீலைப் பாருங்கள். ஆணை இல்லாமல் நான்கு பேர் வந்து சாவியைப் பிடுங்கினால் அது வேறு. கடன் வசூலுக்கு அடியாட்களை ஏவக் கூடாது என்று 2007இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வண்டியைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ உங்களுக்கு உண்மையான புகார் இருக்கிறதென்றால், ஆர்பிட்ரேஷன் தீர்ப்பு வருவதற்கு முன்பே மாவட்ட ஆணையத்தில் மனுவைப் போட்டுவிட வேண்டும். நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38இல் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். தீர்ப்பு வந்த பிறகு போனால், அதைத் தாண்டி விசாரிக்க முடியாது என்று தேசிய ஆணையமே மனுக்களைத் தள்ளியிருக்கிறது. முந்திக்கொள்பவருக்குத்தான் இந்த உரிமை பயன்படுகிறது.

தீர்ப்பு வந்தேவிட்டது என்றால், கையொப்பமிட்ட நகல் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 34இன்கீழ் நீதிமன்றத்தில் அதை எதிர்க்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் எந்த நீதிபதியாலும் தர முடியாது. மனு போட வேண்டிய இடம் ஆர்பிட்ரேஷனின் இருப்பிடமாக ஒப்பந்தம் குறித்த ஊரின் நீதிமன்றம்; சென்னை என்றிருந்தால் சென்னைதான். கெடு முடிந்தால் அந்தத் தீர்ப்பு சிவில் நீதிமன்ற டிக்ரி போலவே நிறைவேற்றப்படும், சம்பளமும் சொத்தும் ஜப்திக்கு வரலாம். இந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது தடையாக வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம், 1987இன் பிரிவு 12இன்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், பழனி மலையின் பளியர் எல்லோரும் இதில் வருவார்கள். எஸ்டேட் தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கடனும் பல வீடுகளில் அவர்கள் பெயரில்தான். எண் 15100. ஊட்டியிலும் திண்டுக்கல்லிலும் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது ஒப்பந்தம், தவணை ரசீதுகள், வந்த நோட்டீஸ், அது வந்த கவர், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் இருந்தால் அதுவும் எடுத்துச் செல்லுங்கள். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் வத்தலக்குண்டு வழியே 95 கிலோமீட்டர். ஒரு காகிதம் விட்டுப்போனால் இன்னொரு நாள் கூலி போகும்.